மணிக்கட்டுப் பட்டை

மனச்சிதைவின் தொடக்கம் என்று சொன்ன டாக்டர், மாத்திரைகளோடு மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் தந்தார். எதிரே பேசுபவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதை அது எழுதிக் காட்டும். காதுக்குள் பேசும் கருவியும் உண்டாம். ஏற்கெனவே குரல் கேட்கிறவளுக்கு அது எதற்கு?

வீட்டுக்கு வந்த சித்தப்பா, "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றார். முன்பென்றால் அதை நம்பித் தட்டை உள்ளே எடுத்து வைத்திருப்பேன். "பசியோடு இருக்கிறார். மறுபடி கேளுங்கள்" என்று காட்டியது பட்டை. கேட்டேன். ஆறு தோசை சாப்பிட்டார்.

அவர் போனதும், "நாளைலேருந்து தனியா வேலைக்குப் போறேம்மா" என்றேன்.

"போயேன் ஜெசிந்தா. எனக்கென்ன பயம்?" என்றாள் அம்மா.

"பயப்படுகிறார். உங்களுக்காக அல்ல, உங்களைக் கண்டு" என்று எழுத்து ஓடியது.

பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். "என்னப் பாத்தா பயமாம்மா?"

"சேச்சே, இல்லட்டி."

மறுபடி கேட்டேன்.

"நீ எங்கம்மாவே இல்லன்னு அன்னைக்குச் சொன்னல்லா..." அம்மா அழுதாள். "திரும்பவும் அப்படிச் சொல்லிருவியோன்னுதான்."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். "உனக்குத் தோசை ஊத்தட்டுமா?"

"வேண்டாம்ட்டி, பசிக்கல."

பட்டை மேசையிலேயே கிடந்தது. நான் மாவை ஊற்றினேன்.