திருப்பித் தர வேண்டிய தேதி

"திருடினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே தீபா ஸ்கேனரை மேசைமேல் வைத்தாள்.

ஐந்து நாளாக அவளுக்கு இதே வேலை. பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் ஒட்டியிருக்கும் பார்கோடு ஸ்டிக்கரில் சிவப்பு வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். 'பீப்' என்றால் புத்தகம் பத்திரமாக இருக்கிறது. ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பீப் கேட்டாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கவில்லை.

"ஜெசிந்தா, ஆறாம் வகுப்பு பி. காணாமப் போன யானைக்குட்டியத் தேடிப் போற கதை இருக்கில்ல, அத எடுத்துட்டுப் போயிருக்கு. இந்த வருஷ லிஸ்ட்ல அந்தப் பிள்ளை பேரே இல்ல. புத்தகத்தோட வேற ஸ்கூலுக்குப் போயிருச்சு போல."

நூலகர் அல்போன்சா தலை நிமிரவில்லை. கிழிந்த அட்டை ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தாமதமாகப் புத்தகம் வந்தால் தலைமையாசிரியையைக்கூட நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவர், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

தீபாவுக்கு அது உறுத்தியது. கம்ப்யூட்டர் டீச்சராக வந்து சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. யாரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதெல்லாம் இன்னும் பழகவில்லை.

"இதையும் பாருங்க. மூணு தடவைக்கு மேல புதுப்பிக்கக் கூடாதுன்னு நீங்கதான் போர்டுல எழுதிப் போட்டிருக்கீங்க. இதுக்கு மட்டும் இருபத்தெட்டு தடவை. பதினாலு நாளைக்கு ஒரு தடவை, தவறாம. ஸ்கூல்லயே இல்லாத பிள்ளைக்கு யாரு டீச்சர் புதுப்பிச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"விட்டுரு தீபா."

"எப்படி டீச்சர் விடுறது? அஞ்சு மணிக்குள்ள லிஸ்ட முடிச்சு எச்.எம். கிட்ட குடுக்கணும். அதுக்கப்புறம் நான் நத்தம் பஸ்ஸப் பிடிக்கணும். ஒண்ணு, புத்தகம் வரணும். இல்லன்னா தொலைஞ்சுபோச்சுன்னு போடணும். ரெண்டுல எது செஞ்சாலும் அந்தப் பேரு போயிரும். ஸ்கூல விட்டுப் போன பிள்ளைங்க பேரு அம்புட்டையும் நேத்தே எடுத்தாச்சு. கையில புத்தகம் இருக்கிறதால இந்தப் பேர மட்டும் சாஃப்ட்வேர் அழிக்க விடமாட்டேங்குது."

"அதான் இருக்கட்டும்கிறேன். ஒரு பேருதான? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லிக்கொண்டே, ஏற்கனவே பசை தடவிய இடத்திலேயே மறுபடியும் தடவினார். தீபா அதைக் கவனித்தாள். மாட்டிக்கொண்ட பதற்றம் என்று நினைத்தாள்.

வேண்டப்பட்டவர்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், வேண்டியவர்களுக்கு ஒரு சட்டமா? கோபத்தோடு நூலகத்து லேண்ட்லைனை எடுத்து, திரையில் இருந்த பெற்றோர் எண்ணை அழுத்தினாள்.

மேசை டிராயருக்குள் அல்போன்சாவின் செல்போன் அடித்தது.

தீபா ரிசீவரை வைத்தாள். டிராயரும் அடங்கியது.

"உங்க பொண்ணா டீச்சர்?" கோபம் போய் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. நான் பாட்டுக்குத் திருடி கிருடின்னு பேசிட்டேன். இப்ப எந்த ஸ்கூல்ல படிக்குது? எச்.எம். கிட்ட ஒரு நாள் டைம் கேட்டுக்கிறேன், நாளைக்கு மறக்காம புத்தகத்தக் குடுத்து விடச் சொல்லுங்க. ஒரு பீப், வேலை முடிஞ்சுது."

அல்போன்சா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பினார். அதன் பின்பக்கம், ஓரமெல்லாம் அழுக்கேறிய ஒரு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்கேனரை எடுத்து அதன்மேல் காட்டினார்.

பீப்.

திரையில் ஜெசிந்தாவின் பெயர் வந்தது. பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட சின்னப் படம், அதன்கீழே திருப்பித் தர வேண்டிய புதுத் தேதி. அல்போன்சா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஸ்டிக்கர் உங்ககிட்ட இருக்கு. அப்ப புத்தகம் எங்க டீச்சர்?"

"கடைசி இருபது பக்கம் பாக்கி இருந்துச்சு தீபா. யானைக்குட்டி கெடச்சுச்சாம்மா, கெடச்சுச்சாம்மான்னு ஆஸ்பத்திரியில கேட்டுக்கிட்டே இருந்தா. வீட்டுக்குப் போயி நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கடின்னு சொல்லிட்டேன்."

ஸ்கேனரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி அவ கையிலயே வச்சு விட்டுட்டேன்."