நரித்தோல் தொப்பிக்குள் பேனா

பின்லாந்தில் எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் வெயில் பளீரென்று அடிக்கிறது, சூடுதான் இல்லை. சற்றுமுன் நான் விட்ட மூச்சு உறைந்து கால் பெருவிரலில் விழுந்து இன்னும் வலிக்கிறது. ரோமத்துக்காக விலங்கு வளர்ப்பதையும் அந்த ரோமத்தை விற்பதையும் தடை செய்யக் கோரும் மனுவோடு இர்மேலி மேசை போட்டு நிற்கிறாள். ஊரில் பாதிப் பேருக்கு நரிப்பண்ணைதான் பிழைப்பு. அவளுடைய அண்ணன் தைஸ்தோவுக்கும் அதுதான். கையெழுத்து வாங்க இன்றே கடைசி நாள். எங்கள் ஊர் வழக்கப்படி ஒருவர்மேல் ஒருவர் படாமல் ஆளுக்கு ஒரு கஜம் தள்ளி, வாய் திறக்காமல் வரிசை நிற்கிறது. பேனாக்களில் மை உறைந்துவிட்டது. தைஸ்தோ வருகிறான். “என்னடி, பேனாகூட உன் பக்கம் இல்ல போலிருக்கே?” “நீ போயி உன் நரிங்களைப் பாருண்ணே.” அவன் போகவில்லை. தன் நரித்தோல் தொப்பியைக் கழற்றி, பேனாக்களை அதற்குள் போட்டு, நெஞ்சோடு பொத்திக்கொள்கிறான். “நீயும் கையெழுத்துப் போடுறியா?” “எனக்கென்ன பைத்தியமா? குளிர்ல ஆளுங்க நிக்கிறாங்கல்ல.” தொப்பியிலிருந்து பேனாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வர, காகிதத்தில் நீலம் ஓடுகிறது. “தொப்பியப் போட்டுக்கண்ணே, காது கழண்டு விழுந்துடும்.” சிவந்த காதுகளோடு அவன் வரிசையை எட்டிப் பார்க்கிறான். “இரு, இன்னும் நாலு பேர் இருக்காங்க.”