ஆவணி முடிவதற்குள்

இன்றைக்கும் அந்தப் பூக்கார மூக்காயி வாயைத் திறந்துவிட்டாள். மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி டெய்சி பல்லைக் கடித்தாள்.

வீடு பார்த்துவிட்டுக் கிளம்பிய சின்னாளப்பட்டித் தம்பதியை மூக்காயி வழியிலேயே நிறுத்திக் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கார் நுழையாத சந்து அது. டெய்சியின் கணவன் பிரிட்டோதான் வழக்கம்போல் அவர்களை மெயின் ரோடு வரை கூட்டிப்போய் வண்டியேற்றிவிட்டு வந்தான். வந்ததும் நேரே கொல்லைக் குழாயில் முகம் கழுவப் போனான்.

ஒரு மணி நேரத்தில் புரோக்கர் செபஸ்தியானின் போன்.

"வேணாம்னுட்டாங்க டீச்சர். பச்சப்புள்ள செத்த வீடாமேன்னு கேக்குறாங்க. இதோட நாலு பார்ட்டி போச்சு. அதை நாமளா சொல்ல வேணாம்னுதான பேசி வச்சிருந்தோம்?"

"நாங்க எங்கண்ணே சொன்னோம்? எல்லாம் இந்தத் தெருவு வாய்."

"இன்னும் ஆறு நாள்ல ஆவணி முடியுது. புரட்டாசி பொறந்துட்டா ஒரு பய வீடு பாக்க வரமாட்டான், பாத்துக்கங்க."

ஏழு வயது ஜெனிட்டாவைப் போன ஐப்பசியில் காய்ச்சல் கொண்டுபோனது. அன்றிலிருந்து இந்த வீட்டில் டெய்சிக்குத் தூக்கமில்லை. தெருவில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தால் கை தானாக வாட்டர் பாட்டிலைத் தேடுகிறது. மகள் படுத்த சின்ன அறைக்குள் அவள் கால் வைத்தே பத்து மாதமாகிறது. இன்னொரு ஐப்பசி மழைச் சத்தத்தை இந்த வீட்டில் இருந்து கேட்டால் தனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்று நினைத்தாள்.

விற்றுவிடலாம் என்று அவள் சொன்னபோது பிரிட்டோ மறுபேச்சுப் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். செபஸ்தியான் சொன்னபடி வாட்ஸப்பில் வீட்டைப் படம் பிடித்துப் போட்டான். லீவு எடுத்து வீடு முழுக்கத் தானே வெள்ளையடித்தான். ஹாலில் இருந்த பீரோவை ஒற்றை ஆளாகச் சின்ன அறைக்குள் தள்ளிக்கொண்டு போனான்.

"அதை எதுக்குங்க அங்க?"

"ஹால் பெருசாத் தெரியும்ல."

வீட்டை விற்பதில் இவருக்கு இத்தனை சுறுசுறுப்பா என்று அவளுக்கு அன்றைக்கு நெஞ்சு எரிந்தது.

இரவுச் சாப்பாட்டில் டெய்சி பொறுமை இழந்தாள். "அந்த மூக்காயியை நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"பாவம், விடு டெய்சி. அது என்னத்தச் சொல்லியிருக்கப் போகுது."

"ஆமா, பூக்காரிக்குப் பரிஞ்சு பேசுங்க. பொண்டாட்டி படுற பாடு கண்ணுக்குத் தெரியாது."

அவன் தட்டைப் பார்த்தபடியே எழுந்து போனான்.

பெண் கேட்கும் முன் ஆள் விட்டு விசாரிப்பார்களே, அந்த வேலையை டெய்சி தானே செய்தாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து மாற்றலாகி அவள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் தமிழ்மதி. பிரிட்டோவுக்கும் அவளைத் தெரியாது, தெருவுக்கும் தெரியாது.

"வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வீடு பாக்க வர்ற மாதிரி வா, தமிழு. போறப்ப அந்தப் பூக்காரி என்ன ஓதுறான்னு மட்டும் காதுல வாங்கிட்டு வந்து சொல்லு."

"நமக்கு நடிக்கத் தெரியாதுங்கக்கா."

"மூஞ்சிய உம்முனு வச்சிக்கிட்டுக் கொறை சொல்லு. வீடு வாங்க வர்றவங்க எல்லாம் அப்படித்தான்."

சனிக்கிழமை தம்பதியாக வந்தார்கள். தமிழ்மதி குழாய் குழாயாகத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவள் கணவன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிரிட்டோ சலிக்காமல் எல்லாவற்றையும் காட்டிவிட்டு, வழக்கம்போல் அவர்களோடு கிளம்பினான்.

டெய்சி மாடிக்கு ஓடினாள். நினைத்தது போலவே மூக்காயி மறித்தாள், பேசினாள், முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூவரும் முனை திரும்பி மறைந்தார்கள். 'இன்னைக்கு மாட்டுனடி' என்று டெய்சி போனைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டாள்.

கால்மணி நேரத்தில் மணி அடித்தது.

"மூக்காயிதான தமிழு?"

"இல்லைங்கக்கா. ராசியான வாசல் கண்ணு, தண்ணிக்குக் கஷ்டமில்ல, யோசிக்காம வாங்கிப்போடுங்கன்னுதான் அந்தம்மா சொன்னாங்க. சீக்கிரம் வித்துரணும்னு உங்களுக்காக மாதா கோயில்ல நேர்ந்திருக்காங்களாம்."

"அப்புறம் யாருதான் சொல்றா?"

கீழே கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பிரிட்டோ உள்ளே வந்து நேரே கொல்லைக்குப் போனான். குழாயில் தண்ணீர் விழத் தொடங்கியது.

"சொல்லு தமிழு."

"கார்க் கதவப் பிடிச்சிக்கிட்டு உங்க வீட்டுக்காரர் அப்படி அழுதாருங்கக்கா... 'செத்துப்போன எம்மக ஒசரம் அளந்து கோடு போட்ட செவுரு பீரோவுக்குப் பின்னாடி இருக்கு, அதுக்கு மட்டும் வெள்ளையடிச்சிராதீங்க'ன்னு."