போட்டோவைக் காட்டுங்க

"மொதல்ல போட்டோவக் காட்டுங்க. என்ற காரு வேகமாப் போச்சுன்னு அது சொல்லட்டும், அப்பறம் அபராதத்தக் கட்டறேன்."

ஊட்டி போக்குவரத்து போலீஸ் ஆபீசில் நல்லசாமி சட்டமாக உட்கார்ந்துவிட்டார். இனி அவரை நகர்த்த முடியாது.

பக்கத்தில் மனைவி சாந்தாமணி சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். "ஏனுங்க, கட்டீட்டுப் போயிரலாமுங்க. டென்ஷன் ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்லீங்க?"

"நீ சும்மா இரு. காசா பெருசு? என்ற பேரு கெடுது."

பேர் என்றால் லேசுப்பட்ட பேரா? ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். ஒரு கீறல் கிடையாது. ரிட்டையர் ஆகும்போது கொடுத்த 'விபத்தில்லா ஓட்டுநர்' சான்றிதழைக் கண்ணாடி போட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடிக்கிறார்களோ இல்லையோ, அதைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அவருக்கா ஓவர் ஸ்பீடு?

"மெசேஜ்ல லிங்க் வந்திருக்குமே சார். அதுலயே போட்டோ பாக்கலாமே," என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கான்ஸ்டபிள் கலைமதி.

"அது தொறக்கவே மாட்டேங்குதுன்னு இவ சொல்றா. போன் சமாச்சாரமெல்லாம் இவதானுங்க. நீங்க காட்டுங்க. கேக்கறது என்ற உரிமை."

"எந்தத் தேதி சார்?"

"அதத்தான் சொல்ல வர்றேன். அன்னிக்கு நெஞ்சு வலி வந்து, நெனவில்லாம ஆம்புலன்ஸ்ல போயிட்டிருந்தவன் நான். இந்தாங்க ஆஸ்பத்திரிச் சீட்டு. காரு ஷெட்டுல கெடந்துச்சு. நான் திரும்பி வந்தப்பவும் நின்ன எடத்துலயே நின்னுச்சு. மஞ்சு மூடுனதுல உங்க கேமரா வேற எவன் நம்பரையோ படிச்சிருக்குது."

"வீட்டுல வேற யாராவது ஓட்டுவாங்களா சார்?"

நல்லசாமி சிரித்தார். "இவகிட்ட ஒரு லைசென்ஸ் இருக்குது, கோயமுத்தூர்ல எடுத்தது. கீழ எடுத்த லைசென்சு மலையில செல்லாதுன்னு கல்யாணமான புதுசுலயே சாவிய வாங்கி வச்சுட்டேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம்.

"ஏம்புள்ள, உன்ற தம்பி தீபக்குகிட்டச் சாவியக் குடுத்தியா? நான் ஆஸ்பத்திரில கெடக்க, அவன் என்ற காருல ஊரு சுத்துனானா?"

சாந்தாமணியின் முகம் வெளிறிவிட்டது.

"குடுத்திருக்கறா. காட்டுங்க மேடம். அவன் மூஞ்சியப் பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

கலைமதி நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். சாந்தாமணியைப் பார்த்தாள். "கட்டீட்டே போயிருங்களேன் சார்," என்றாள் மெதுவாக.

"முடியாதுங்க."

திரை அவர் பக்கம் திரும்பியது.

அவர் கார்தான். நம்பர் பளிச்சென்று இருந்தது. இடது பக்க சீட்டில் தலை துவண்டு கிடந்தது அவரேதான். ஸ்டீயரிங்கில் சாந்தாமணி. ஒரு கையால் வண்டியை வளைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் சரிந்துவிடாமல் நெஞ்சைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

நல்லசாமி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆம்புலன்ஸ் வர்ற வழியில மரம் சாஞ்சிருச்சு, நேரமாகும்னாங்க," சாந்தாமணி தரையைப் பார்த்துச் சொன்னாள். "சாவியத் தொட்டேன்னு தெரிஞ்சா கோவப்படுவீங்க, மறுபடியும் நெஞ்சு வலி வந்துருமோன்னு பயந்துதானுங்க சொல்லல."

"உயிர் போற அவசரம்னு எழுதிக் குடுங்க சார். எஸ்.ஐ. கிட்டப் பேசிப் பாக்கறேன்," என்றாள் கலைமதி.

"வேண்டாம் மேடம். வேகமாப் போனது போனதுதான். கட்டிடறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அந்த போட்டோவ மட்டும் பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க."

"எதுக்கு சார், கோர்ட்டுக்கா?"

"இல்லீங்க. நடுச்சுவத்துல என்ற சர்டிபிகேட்டக் கழட்டிட்டு, அந்த ஆணியில மாட்டறதுக்கு."