அப்பாவின் புதுப் பற்கள்

"எல்லாத்தையுமா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"எல்லாத்தையும்" என்றாள் மகள்.

நாற்காலியில் சாய்ந்து கிடந்த அப்பா, வாயைப் பிளந்தபடியே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

காலை வேளையில் அப்பா தங்கமான மனிதர். அதனால்தான் அவள் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கிளினிக் திறந்ததும் முதல் ஆளாக அவரை அழைத்து வந்திருந்தாள். சட்டையை அவரே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் ஒன்று மாறிப்போய்க் காலர் ஒரு பக்கமாக ஏறி நின்றது. நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவர்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். முன்பற்களில் அரம் போட்டு அராவியதுபோலப் பள்ளம்.

"நூலைப் பல்லாலயே கடிச்சு அறுத்திருக்கீங்க. கடையில கத்தரிக்கோல் இல்லையா ஐயா?"

"அதைத் தேடுற நேரத்துல ரெண்டு பட்டன் தச்சிடலாம் டாக்டர்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மகள் மட்டும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"மேல் வரிசை தேறாதும்மா. ஆனா கீழே ஆறு பல்லு கல்லு மாதிரி இருக்கு. எடுக்க எனக்கே மனசு வரலை."

"அதையும் எடுத்துடுங்க."

ஒற்றைப் பல்லையாவது காப்பாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களையே பார்த்துப் பழகியவர் டாக்டர். அப்பாவுக்குச் செய்வதை அரையும் குறையுமாகச் செய்யக்கூடாது என்று நினைக்கிற பெண் போலிருக்கிறது என்று, அவளைச் சற்று மரியாதையோடு பார்த்தார்.

பிறகு அப்பாவிடம் விளக்கினார். பல்லையெல்லாம் எடுப்பது முதல் கட்டம். ஊசி போடுவதால் வலிக்காது. நாலு மாதம் ஈறு ஆற வேண்டும். அதுவரை கரைத்ததும் குழைத்ததும்தான் சாப்பாடு. அடுத்தது, தாடை எலும்பில் திருகுகளை இறக்குவது. அவை எலும்போடு ஒட்டிப் பிடித்ததும் பல் வரிசையை மேலே முடுக்கிவிடுவது கடைசிக் கட்டம்.

"அப்புறம் இருபது வயசுப் பையன் மாதிரி கடிக்கலாம்."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க" என்றார் அப்பா. "எனக்குச் சொல்லு முன்னாடியே போயிடுச்சு டாக்டர். பல்லாவது வரட்டும்."

உண்மைதான். ஒரு வருஷமாகவே பல சொற்கள் அவர் நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிடுகின்றன. பேத்தியின் பெயர்கூட.

"நாலு மாசம் கழிச்சு வராம விட்டுட்டா என்ன ஆகும்?" என்று மகள் கேட்டாள்.

"நாளாக ஆக எலும்பு கரைஞ்சிடும். அப்புறம் திருகு நிக்கிறது கஷ்டம். ஆனா பல்லெல்லாம் எடுத்துட்டு யாராவது வராம இருப்பாங்களா?"

நர்ஸ் பல் மாதிரிகளைக் கொண்டுவந்து விசிறிபோல விரித்தாள். பால் வெள்ளையிலிருந்து பழுப்பு வரைக்கும் பதினாறு நிறம். அப்பா எழுந்து உட்கார்ந்தார். ட்யூப் லைட் நிறத்தை ஏமாற்றும் என்று சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். துணி எடுக்க வந்தவர் போல இரண்டைத் தள்ளினார், ஒன்றைத் திரும்ப எடுத்தார். கடைசியில் லேசாக மஞ்சள் ஓடிய ஒன்றைத் தன் உதட்டருகே வைத்து மகள் பக்கம் திரும்பினார்.

"எப்படிம்மா?"

"எடுப்பா இருக்குப்பா."

டாக்டர் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

மூன்று கட்டங்களுக்கும் மூன்று சம்மதத் தாள்கள். பெரியவருக்கு ஞாபகம் தவறுவதால் மகள்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவள் முதல் தாளில் போட்டாள். மற்ற இரண்டையும் நாலாக மடித்துக் கைப்பைக்குள் செருகினாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர்."

"நடுவுல போட்டுக்க ஒரு தற்காலிக செட்டு?"

"வேண்டாம்."

கைப்பையை மூடும்போது ஜிப்பில் மாட்டி, அவளுடைய முழுக்கைச் சட்டையின் கை பொத்தான் கழன்று முழங்கை வரை ஏறிவிட்டது. இழுத்து விடுவதற்குள் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

முன்கையில் எதிரெதிராக இரண்டு பிறைகள். பக்கத்தில் இன்னும் இரண்டு. அவை ஆறாமல் கறுத்திருந்தன.

"என்னம்மா இது? நாய் கடிச்சுதா?"

அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பெரியவரின் வாயைப் பார்த்தார். பல் தடம் பார்த்தே பிழைக்கிறவர். அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆமாப்பா" என்றாள் மகள்.

"குழந்தை இருக்கிற வீடாச்சே. கட்டிப் போடக் கூடாதா?"

"கட்டிப் போட்டுப் பாத்தேன்ப்பா. சாயங்காலம் பூரா அழுதுச்சு. மனசு கேக்காம அவுத்து விட்டேன். அன்னைக்குத்தான் பாப்பாவைக் கடிச்சுது."

அப்பா அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தார். மெத்தென்ற, தையற்காரரின் விரல்கள்.

"அதை அடிச்சுக்கிடிச்சுப் போடாதேம்மா" என்றார் பிறகு. "பாவம். வாயில்லா ஜீவன்."

சட்டைக் கையை அவரே இறக்கி, பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார். நாற்காலியில் சாய்ந்தார். யாரும் கேட்காமலே வாயை அகலத் திறந்தார்.

நர்ஸ் நீட்டிய ஊசியை டாக்டர் வாங்கவில்லை. மகள், கையெழுத்துப் போட்ட தாளை மேஜைமேல் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, டாக்டர் விளக்கைக் கீழே இழுத்தார்.