பன்னிரண்டாம் நம்பர்

“ஆம்புலன்ஸ் வேணுங்க, சீக்கிரம்! என் மாமியார் விழுந்துட்டாங்க, மூச்சு வரல!”

முதல் வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு வருடமாகக் கேட்காத குரல். மகளின் குரல்.

மாமியாரா? அப்படியென்றால் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளுடையது பன்னிரண்டாவது இருக்கை. வாய் விலாசம் கேட்டது, விரல்கள் தட்டின. திரையில் விழுந்தது அவள் தினமும் பஸ்ஸில் கடக்கிற தெரு.

வண்டி கிளம்பிவிட்டது. போய்ச் சேர ஒன்பது நிமிடம்.

“அவங்கள மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் ஒண்ணுமேல ஒண்ணா வச்சு பலமா அமுக்குங்க. நிறுத்தாதீங்க. நான் எண்ணுறேன்.”

பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

‘பாப்பா, நான்தான்டி’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அந்தக் கைகள் நின்றுவிடும். கைகள் நின்றால் தரையில் கிடப்பவள் அவ்வளவுதான்.

விழுங்கிக்கொண்டாள்.

மூன்று வருடமாக விடிந்ததும் அவள் ஜென் தியானத்துக்குப் போகிறாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண வேண்டும். மனசு நழுவினால் திரும்பவும் ஒன்று. “வர்ற நினைப்போட மல்லுக்கட்டாதீங்கக்கா. வந்துச்சா, சரி, மறுபடியும் ஒண்ணு” என்பாள் சொல்லிக்கொடுக்கிற பெண்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் மகள் வந்து நின்றுவிடுவாள். ஒருநாள்கூட இவள் பத்தைத் தொட்டதில்லை.

“எட்டு... ஒம்பது... பத்து. நல்லா பண்றீங்கம்மா. மறுபடியும் ஒண்ணு.”

குரலில் ஒரு பிசிறு இல்லை. மேசைக்கு அடியில் வலது கால் மட்டும் வெடவெடவென்று ஆடியது. அதைப் பார்த்தாள். ஆடட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகளுக்கு மூச்சிரைத்தது. கை விட்டுப்போகுது என்று அழுதாள். மெலிந்த மணிக்கட்டு அவளுக்கு, எந்த அளவு வளையல் வாங்கினாலும் கழன்று விழும். அந்த நினைப்பும் வந்தது, போனது. எண்ணிக்கை பிசகவில்லை.

கதவு திறக்கும் சத்தம். காலடிகள். யாரோ ஒருவர், “நாடி இருக்கு, தூக்குங்க” என்றார்.

இணைப்பைத் துண்டிக்காமல் மகள் கேட்டாள். “உங்க பேரு என்னங்க?”

பேரைச் சொல்லக் கூடாது என்பது மையத்தின் விதி. மீறினால் என்ன, வேலைதானே போகும்? போகட்டும். அவள் வாயைத் திறந்தாள்.

“பன்னிரண்டாம் நம்பர்ம்மா.”

“நீங்க பேசிக்கிட்டே இருந்ததாலதாங்க என்னால முடிஞ்சுது. அந்தக் குரல மட்டும் விட்டுடக் கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டேன்.”

இணைப்பு போய்விட்டது.

திரையில் வீட்டு எண், தெரு, மாடி எல்லாம் இருந்தன. அடுத்த அழைப்பு மின்னிக்கொண்டிருந்தது. எடுத்தால் இந்த விலாசம் அழிந்துவிடும். பக்கத்தில் பேனாவும் இருந்தது.

அவள் எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த அழைப்பை எடுத்தாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால், இவள் போட்ட கூச்சலில் தெருவே வேடிக்கை பார்க்க, செருப்பை மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: “உன் குரலே கேக்காத இடமாப் பாத்துப் போறேம்மா. என்னைத் தேடாத.”