பத்தே மணி நேரம்

விமான நிலையத்தின் ஓரமாக நின்ற சிவப்புப் பயணப் பெட்டி, வேலிமேல் உட்கார்ந்திருந்த நாரையிடம் பேச்சுக் கொடுத்தது.

"நான் போகும் குளிர்நாட்டு ஊருக்குத்தான் நீயும் போகிறாயா? எத்தனை நாளாகும்?"

"வழியில் குளம் குட்டை இருப்பதைப் பொறுத்து ஒரு மாதம் ஆகலாம்."

"ஐயோ பாவம். எனக்குப் பத்தே மணி நேரம். அங்கே நடக்கப்போகும் கல்யாணத்துக்குக் கூறைப்புடவையே என்னிடம்தான் இருக்கிறது."

நாரை கிளம்பிப் போனது. போன ஊரில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து, அவற்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பெட்டி அதே இடத்தில் தூசி படிந்து நின்றது.

"நீ போகவே இல்லையா? அப்போ கல்யாணப் புடவை?"

"என்னை ஏற்ற மறந்துவிட்டார்கள்," என்றது பெட்டி. "ஆனால் விமானம் சொன்னபடி பத்தே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாம்."